எண்ணாத மூச்சை எழுத மாட்டோம்: தீவிர சிகிச்சைப் பிரிவுப் பணி குறித்து எங்கள் மாவட்டச் செவிலியர் சங்கத்தின் நிலைப்பாடு

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நைட் டூட்டி பார்த்த நம் உறுப்பினர் ஒருவருக்கு மெமோ வந்திருப்பதும், அடுத்து 17(பி) ஒழுங்கு நடவடிக்கை வரலாம் என்று பேச்சு அடிபடுவதும் எல்லோரும் அறிந்ததே. விசாரணை முடியாத நிலையில் அந்த இரவைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. அந்த இரவில் இறந்த நோயாளியின் குடும்பத்துக்கு நம் ஆழ்ந்த வருத்தம். ஆனால் மெமோவில் இருக்கும் கேள்வி அந்த ஒருவருக்கு மட்டுமானது அல்ல. சார்ட்டில் மணிக்கு மணி மூச்சு எண்ணிக்கை 20, 20, 20 என்று ஒரே மாதிரி இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதில்தான் செயற்குழு மாறுபடுகிறது.

2015-இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் மாதம் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தது, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தது, கொரோனா வார்டுகளில் வேலை வாங்கிவிட்டு 2022 டிசம்பர் 31-ஓடு நம்மில் பலரை வீட்டுக்கு அனுப்பியது ஆகிய எதையும் திரும்ப எழுதப் போவதில்லை. இந்த அறிக்கை நோயாளியின் மூச்சைப் பற்றியது.

அந்த 20 என்ற எண்ணையே முதலில் பார்ப்போம். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய 'நியூஸ்' மதிப்பெண் முறையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு இருந்தால் மதிப்பெண் பூஜ்யம். 21-ஐத் தொட்டால் 2. 25-ஐத் தொட்டால் 3. அந்த ஓர் அளவே டாக்டரை அவசரமாக அழைக்கப் போதும். ஆகவே எண்ணாமல் எழுதும் 20, நோயாளி நன்றாக இருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகும். அப்படி எழுதுவதைச் சங்கம் எந்தக் காலத்திலும் நியாயப்படுத்தாது. அதே நேரத்தில், அப்படி எழுத வைக்கும் ஏற்பாட்டை நியாயப்படுத்துகிறவர்களோடு சமரசமும் இல்லை.

மானிட்டர் இருக்கிறதே என்கிறார்கள். ஆக்சிஜன் போட்டிருக்கும் நோயாளிக்கு விரலில் மாட்டிய கருவி 98 காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே மூச்சு ஆழம் குறைந்து கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். திரையில் வரும் மூச்சு எண்ணிக்கை, நோயாளி புரண்டாலோ நெஞ்சில் ஒட்டிய லீட் நழுவினாலோ தப்பாகிவிடும். நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்து, கடிகாரத்தை வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கழுத்துத் தசை இழுக்கிறதா, வயிறு எதிர்ப்பக்கம் அசைகிறதா என்பதும் அந்த ஒரு நிமிடத்தில்தான் கண்ணில் படும்.

இப்படி அருகில் நின்று எண்ணுவதற்கு நம் மாவட்டத்தில் தனிக் காரணமே உண்டு. தரையில் படுத்துத் தூங்கியவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல் தடம்கூடத் தெரியாமல் போகும். வயிற்று வலி என்று வருவார். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. அவரை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிக் கேட்கிறோமே, அந்தச் சோதனைக்கு எந்த மெஷினும் வேண்டாம். பத்து மணிக்கு 25 வரை எண்ணியவர் பதினொரு மணிக்கு 12-இல் நிறுத்தினால் ட்யூப் போடும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். பதினொரு மணிக்கு அவர் பக்கத்தில் யாராவது நின்றிருந்தால்தான் அது தெரியும்.

கடல் பாம்பின் கதை இன்னும் கடினம். நம் நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குத்தான். வலையைப் பிரிக்கும்போது கடல் பாம்பிடம் கடிபட்டு வரும் பாம்பன், மண்டபம் மீனவருக்கு அது உதவாது. தசைவலி எப்படி, சிறுநீர் கறுக்கிறதா, பையில் மணிக்கு எத்தனை மில்லி இறங்குகிறது, இ.சி.ஜி. மாறுகிறதா, மூச்சு தளர்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஈடு கொடுப்பதே அவருக்கு உள்ள சிகிச்சை. அந்தப் பார்வையை ராத்திரி முழுக்கத் தருகிறவர் செவிலியர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கட்டுவிரியன் விஷத்தில் முழுசாகச் செயலிழந்து வென்டிலேட்டரில் கிடப்பவருக்கு இமை அசையாது, விரல் அசையாது, டார்ச் அடித்தால் கண்பாவைகூடச் சுருங்காமல் இருக்கலாம். உயிர் போய்விட்டது என்று வெளியே அழுகை தொடங்கிவிடும். அவருக்கோ காது கேட்டுக்கொண்டிருக்கும். "அண்ணே, சளி எடுக்கப் போறேன், கொஞ்சம் தொந்தரவாத்தான் இருக்கும், உடனே முடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுச் சக்ஷன் குழாயை இறக்குகிற சிஸ்டர்களை நமக்குத் தெரியும். சில நாளில் ட்யூபை எடுத்ததும், பேசியது அத்தனையும் கேட்டது என்று சொல்லிவிட்டு நடந்து போகிறவர்கள் உண்டு. இந்த வேலையை எந்தச் சார்ட்டின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இப்போது கணக்குக்கு வருவோம். நினைவு நிலை, கண்பாவை, மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், சிறுநீர் அளவு, பம்பில் ஓடும் மருந்து ஆகியவற்றை ஒழுங்காகப் பார்த்து எழுத ஒருவருக்குக் குறைந்தது 10 நிமிடம் ஆகும். ஒரு செவிலியரிடம் ஆறு பேரை விட்டால் ஒரு மணி நேரம் தீர்ந்தது. ஊசி மருந்து எப்போது? சளி எடுப்பது எப்போது? படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது எப்போது? புதிதாக ஒரு கேஸ் ஏறினால்? இந்தக் கணக்கு மெமோவில் கையெழுத்திடுகிறவர்களுக்குத் தெரியாததா?

இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்றும், விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் என்றும் வகுத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் இரண்டு நோயாளிக்கு ஒருவர் என்பது சட்டப்படி நடைமுறை. பென்சில்வேனியா மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைக் கொண்டு லிண்டா ஐக்கனும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியரிடம் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. 2022 ஜனவரியில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதை நாம் மனமார வரவேற்றோம். படுக்கை கூடும்போது செவிலியர் பணியிடமும் கூட வேண்டும் என்று அன்றே சொன்னோம்.

எனவே செயற்குழுவின் நிலைப்பாடு இது. எண்ணாத மூச்சை உறுப்பினர்கள் எழுத வேண்டாம். பார்க்க முடியாத மணிக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டு, அந்நேரத்தில் தன் பொறுப்பில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கையையும், வென்டிலேட்டரில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் அங்கேயே குறித்துக் கையெழுத்திட வேண்டும். வெற்றுக் கட்டம் நம் தலைக்கே வினையாகும் என்று சில உறுப்பினர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது என்பதால், ஒப்பந்தச் செவிலியர்கள் இதைச் செவிலியர் கண்காணிப்பாளருக்குத் தெரிவித்த பிறகு தொடங்குவது நல்லது என்று பெரும்பான்மையோர் கருதினர். பொய்யாக 20 எழுதுவதை விட வெற்றுக் கட்டம் நோயாளிக்குப் பாதுகாப்பு. டூட்டி மாறி வருகிறவர் அதைப் பார்த்தாவது முதலில் அந்தப் படுக்கைக்குப் போவார்.

வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பதை உடனே அமல்படுத்த வேண்டும். மற்றவர்களுக்கு இப்போதைக்கு இரண்டு பேருக்கு ஒருவர் என்பதையாவது நிர்வாகம் பரிசீலிக்கலாம். 'பரிசீலிக்கலாம்' என்ற சொல்லை ஏற்காத உறுப்பினர்களின் மாற்றுக்கருத்தும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியுள்ளது. இரவில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வேறு வார்டுக்கு மாற்றுப்பணி போடுவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். வாய்மொழியாகப் போட்டால் எழுத்தில் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நோயாளியை ரெஃபர் செய்வதிலும் கவனம் வேண்டும்: ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து மதுரை 100-க்கும் மேல். ரெஃபர் செய்யும்போது கடைசியாக எடுத்த அளவுகளை நேரத்தோடு எழுதித்தான் வண்டி ஏற்ற வேண்டும். காலிப் பணியிடம், ஊதியம் குறித்து மாநிலத் தலைமை தனியே பேசிவருகிறது.

மெமோ பெற்ற உறுப்பினருக்கான விளக்கத்தைச் சங்கமே உடனிருந்து எழுதும். அந்த இரவுக்குரிய வாரத்தின் டூட்டி லிஸ்டும் ஒவ்வொரு இரவின் நோயாளி எண்ணிக்கையும் விளக்கத்துடன் இணைக்கப்படும். பணிக்கு ஆள் ஒதுக்கியவர்களையும் விசாரணைக்கு அழைக்க வேண்டும் என்று அதில் கோருவோம். இனி மெமோ வாங்குகிற யாரும் அதே இரவில் தனியாகப் பதில் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். நகலுடன் மாவட்டச் செயலாளரைப் பாருங்கள்.

மாவட்டச் செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர்