அவரைக்கு ராத்திரி நீளணும்

நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இலையுதிர் காலம், குளிர்காலம்னு வரிசையாப் படிக்குதுங்க. திண்டுக்கல்ல எந்த மரம்ங்க ஐப்பசியில இலையை உதிர்க்குது? வேப்ப மரம் உதிர்க்கிறது மாசி, பங்குனியில. நம்ம பழைய கணக்குல ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. வீட்டுத் தோட்டம் போடுறவங்களுக்கு இந்தக் கணக்குதான் உதவும்ங்கறது என் கட்சி.

ஆனி, ஆடியில மேற்கு மலை மழையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு நமக்குப் பெரும்பாலும் காத்தைத்தான் அனுப்பும். திண்டுக்கல் சமவெளிக்குப் பெரிய மழைன்னா அது அக்டோபர், நவம்பர்ல வர்ற வடகிழக்குப் பருவமழைதான். குளிர் தேசத்துக்காரங்க தோட்டத்தை மூடிக் கட்டுற நேரத்துல நமக்குத் தோட்டம் களைகட்டுது. இதே மாவட்டத்துக் கொடைக்கானல்ல டிசம்பர், ஜனவரியில சில நாள் புல்லு மேல உறைபனி படியும். கீழ நமக்கு விடிகாலையில சிறுமலைப் பக்கம் மூட்டமும், இலை மேல கொஞ்சம் பனித்துளியும்தான்.

சரி, இப்படி லேசான குளிர்ல, பருவம் மாறுதுன்னு செடிக்கு எப்படித் தெரியும்? ராத்திரி நீளத்தை வச்சுத்தான். ஜூன்ல நமக்குப் பகல் சுமாரா 12 மணி 40 நிமிஷம். டிசம்பர்ல 11 மணி 30 நிமிஷம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான் வித்தியாசம். நமக்கு அது உறைக்கவே உறைக்காது. பட்டை அவரைக்கு அது போதும்! செடிங்க இப்படிப் பொழுதை அளந்து பூக்குதுங்கறதை 1920-ல கார்னர், அல்லார்டுன்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிங்க புகையிலையையும் சோயாவையும் வச்சு எழுதினாங்க. செவ்வந்தியும் இதே ஜாதிதான். பாலிஹவுஸ்ல வளர்க்கிறவங்க ராத்திரியில பல்பு எரியவிட்டே அது பூக்கறதைத் தள்ளிப்போடுறாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க தெருவுல வருஷா வருஷம் ஒரு கூத்து நடக்குது. ஆடியில விதை போடுவாங்க. கொடி பந்தலை மூடிடும். கார்த்திகை வந்தும் ஒரு பூ இருக்காது. "இது மலட்டுக் கொடிங்க, வெறும் இலையாப் போகுது"ன்னு வேரோட பிடுங்கிப் போட்டுடறாங்க. இன்னும் மூணு, நாலு வாரம் பொறுத்திருந்தா மார்கழிப் பனிக்குக் கொத்துக் கொத்தாப் பூத்திருக்கும். எங்க பந்தல்லயே தெருவிளக்கு வெளிச்சம் விழுற பக்கம் பிந்தித்தான் பூக்குது, இருட்டா இருக்கிற பக்கம் முந்திக்குது. வேற யாரு சாட்சி சொல்லணும்? :-)

பிடுங்கினவங்க அடுத்த வருஷம் கடையில செடி அவரை விதை வாங்கறாங்க. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த ரகங்க, எந்த மாசம் போட்டாலும் காய்க்கும். குத்தம் சொல்ல மாட்டேன், வியாபாரத்துக்குப் பயிர் பண்றவருக்கு அது வேணும். ஆனா வீட்டுக்கு வீடு அதுவே வந்துட்டா, ராத்திரியை எண்ணத் தெரிஞ்ச நம்ம கொடி அவரை விதை எங்க இருக்கும்? விதையை மண்ணுல போட்டாத்தான் உசுரு. நாலஞ்சு வருஷம் டப்பாவுல சும்மா கிடந்தா முளைப்பு போயிடும். ஒரு தெருவே சேர்ந்து பொறுமை இழந்துட்டா ஒரு ரகம் காணாமப் போயிடும்.

எல்லாச் செடியும் பனிக்குச் சந்தோஷப்படாது, அதையும் சொல்லணும். மல்லிகை சுருங்கிடும். மார்கழி, தையில நிலக்கோட்டை, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுல மல்லி விலை ஏறுறது அதனாலதான். நவம்பர் கடைசியில மல்லிச் செடியை முழங்கால் உசரத்துக்குக் கவாத்து பண்ணி ஓய்வு கொடுங்க. பூ வேணுங்கறவங்களுக்கு டிசம்பர் பூ இருக்கு, அதுக்கு இதுதான் சீசன்.

அவரைக்கு நீங்க செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். மழைத் தண்ணி வேர்ல தேங்காம பாத்துக்கங்க. பனி நேரத்துல கொழுந்துல அசுவினி ஏறும், அடுப்புச் சாம்பல் இருந்தா காலையில ஈரத்தோட தூவுங்க. தையில நாலு நல்ல காயைப் பறிக்காம கொடியிலேயே முத்தவிட்டு, காஞ்சதும் எடுத்து வைங்க. ரெண்டு விதை பக்கத்து வீட்டுக்கும் கொடுங்க. கொடுக்கும்போது, கார்த்திகையில பிடுங்கிடாதீங்கன்னு மறக்காம சொல்லிடுங்க.