எண் ஒன்று, இடம் வேறு



கார்த்திகை தீபம் நெருங்கினால் திருவண்ணாமலையில் பேருந்து நிலையங்களே இடம் மாறும். தற்காலிகக் கட்டுப்பாட்டு அறைகள் முளைக்கும். தேர்தல் வந்தால் எல்லா ஊர்களிலும் இதே கதைதான். அங்கெல்லாம் மேசையும் நாற்காலியும் கம்ப்யூட்டரும் எங்கிருந்தாவது வந்துதானே ஆக வேண்டும்? "நம்ம செக்‌ஷன் சிஸ்டம் எங்கப்பா?" என்ற கேள்வி எழுவது எல்லாம் முடிந்த பிறகு. "மாடியில பாருங்க சார்" என்று பதில் வரும். மாடியில் இருக்காது.

நெட்வொர்க்கைக் கேட்டால் சொல்லிவிடுமே என்பார்கள். பாதிதான் சொல்லும். மேசைக் கம்ப்யூட்டரில் பொதுவாக ஜிபிஎஸ் கிடையாது. இருந்தாலும் கான்கிரீட் கூரைக்குக் கீழே அதை நம்ப முடியாது. ஐபி எண் பல அலுவலகங்களில் தற்காலிகமாகத் தரப்படுவது; இன்று ஒன்று, நாளை வேறு. நெட்வொர்க் கார்டில் பதிந்துள்ள 12 இலக்க மேக் முகவரி ஓரளவு நிலையானது. அது எந்த போர்ட்டில் தென்பட்டது என்பதை ஸ்விட்ச் அறியும். ஆனால் அந்த போர்ட்டின் கேபிள் எந்த அறைச் சுவருக்குப் போகிறது என்பதை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். அணைத்துப் பீரோவுக்குள் வைத்த லேப்டாப்பைப் பற்றி ஸ்விட்சுக்கு ஒன்றும் தெரியாது.

ஆக, சுற்றிச் சுற்றி நோட்டுப் புத்தகத்துக்கே வருகிறோம். அதிலும் ஒரு வழக்கமான தவறு உண்டு. 'கணக்குப் பிரிவு 3' என்று கம்ப்யூட்டருக்கே இடத்தின் பெயரை வைத்துவிடுகிறோம். அது பதிவறைக்குப் போன நாளிலிருந்து அந்தப் பெயர் பொய். கருவிக்கு மாறாத ஓர் எண். இடத்துக்குத் தனிக் கட்டம், பக்கத்தில் தேதி. நகர்த்தியவரே அதை எழுத வேண்டும். வாங்கிய அன்று மட்டும் எழுதும் இருப்புப் பதிவேடு எதையும் கண்டுபிடித்துத் தராது.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. அருணாசலேசுவரர் கோயில் உட்பட அறநிலையத் துறைக் கோயில்களுக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்துப் பதிவேடு உண்டு. நகை, வெள்ளி, பாத்திரம் எல்லாம் எடையோடும் மதிப்போடும் அதில் ஏற வேண்டும். பதிவுகளை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளும் நிலையான சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் பார்க்கச் சொல்கின்றன. நேரில் என்பதுதான் முக்கியம். திரையில் 'உள்ளது' என்று தெரிந்தால் போதாது. எண்ணைத் தொட்டுப் படித்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு வேண்டுகோள், குறிப்பாக மேலாளர்களுக்கு. பலர் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டரின் இடத்தைக் குறிப்பது, அதில் யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று அளப்பதற்கு அல்ல. அந்தச் சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் யாரும் உண்மையான இடத்தை எழுத மாட்டார்கள். பழுது பார்க்க வருபவர் அலையக் கூடாது, கோப்புகள் தொலையக் கூடாது, பழியும் கடைசியில் தொட்ட உதவியாளர் மேல் விழக் கூடாது. அதற்குத்தான் இந்தப் பதிவேடு.

மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு முன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, பதிவேட்டோடு உங்கள் அலுவலகத்தை ஒரு சுற்று வாருங்கள். எது எங்கே கிடைத்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள். சுவையான கடிதங்களை வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்