குயிஞோனில் வாடகைக்கு வீடு

டனாங்குக்கும் ஞாச்சாங்குக்கும் நடுவே, வியட்நாமின் கடலோரத்தில் இருக்கிறது குயிஞோன். நடைபாதையில் குட்டை பிளாஸ்டிக் நாற்காலி. டம்ளர் மேல் உட்கார்ந்திருக்கும் உலோக வடிகட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் காப்பி. அவசரக்காரர்களுக்கு ஆகாது. பக்கத்துக் கடையில் அரிசி மாவுக் கரைசல் இறாலோடு கல்லில் சொய்யென்று விழும். அதை அரிசித்தாளில் கீரையோடு சுருட்டி மீன் சாற்றில் தொட்டுத் தின்பார்கள். பெயர் பான்செயோ.

சைகோனைவிட வாடகை குறைவு என்பதால் வெளிநாட்டவர்கள் இங்கே மூட்டை முடிச்சோடு வருகிறார்கள். மலிவு உண்மைதான். ஆனால் அதை மட்டும் கணக்குப் போட்டு வருவது தப்புக் கணக்கு.

2023 ஆகஸ்டிலிருந்து இ-விசா 90 நாள் வரை கிடைக்கிறது. அது குடியேற்ற உரிமை ஆகாது. வெளிநாட்டவர் தங்குவதை வீட்டுக்காரர் போலீஸில் பதிய வேண்டும். அடுக்குமாடி வீடு வாங்கலாம், பொதுவாக 50 ஆண்டுக்கு. நிலம் வாங்க முடியாது. 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தரப்படும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இங்கே பொதுவாகச் செல்லாது. அதை நம்பி ஸ்கூட்டர் ஓட்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுப் பணமும் சந்தேகம்தான்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது மொழி. ‘மா’ என்ற ஒரே ஓசை, தொனி மாறினால் அம்மா, பேய், நாற்று, கல்லறை. பெருநகரத்தில் ஆங்கிலத்தை வைத்து ஒப்பேற்றலாம். இங்கே கசியும் குழாயைச் சரிசெய்ய வந்தவரிடம் கைஜாடைதான். பத்துச் சொல் கற்றவரைக் கடைக்கார அம்மாள் சிரித்துத் திருத்துகிறார்; மறுநாள் கேட்காமலே காப்பி வருகிறது.