சரியாப் போச்சுன்னா தான் பயப்படணும்

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை முழு உடல் பரிசோதனை செய்து வைப்பது நம்மைப் போல வெளியூரில் பிழைக்கிறவர்களின் புது வழக்கம். கூட இருந்து பார்த்துக்கொள்ள முடியவில்லையே என்கிற உறுத்தலுக்கு ஒரு பரிகாரம் மாதிரி. பணத்தை இங்கிருந்தே கட்டிவிடலாம், ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்துவிடும். கொஞ்சம் விலை கூடின பேக்கேஜ் என்றால் கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேனும் சேர்த்தி.

இங்கே நாக்பூரில் எங்கள் தமிழ் வட்டத்தில் போன மாசம் இதே பேச்சு தான். ஒரு நண்பரின் அப்பாவுக்கு இடது கரோடிட் குழாயில் 40% அடைப்பு என்று வந்ததும் வீடே ஆடிப்போய்விட்டது. இன்னொரு வீட்டில் அடைப்பு ரொம்பக் குறைவு என்று வந்ததால், இனி பக்கவாத பயமே இல்லை என்று நிம்மதி. என்னைக் கேட்டால் ரெண்டு வீட்டிலும் ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்குகிறார்கள். நான் டாக்டர் இல்லை, பி.காம் படித்த பேங்க்காரன். ஆனால் பாக்கித்தொகையை மட்டும் பார்த்து ஒரு லோன் தேறுமா தேறாதா என்று சொல்ல முடியாது என்பது தெரியும்.

பலர் மனசில் இருக்கும் படம், தண்ணீர்க் குழாயில் உப்பு படிந்து கடைசியில் அடைத்துக்கொள்வது. கழுத்துக் குழாய் விவகாரம் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குழாயின் சுவருக்குள் கொழுப்பு சேருகிறது. அதன்மேல் நார் போல ஒரு மூடி. மூடி தடிமனாக இருந்தால் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். மெலிந்து கிழிந்தால் உள்ளே இருக்கும் கொழுப்பு ரத்தத்தைத் தொடும், தொட்ட இடத்தில் ரத்தம் உறையும், அந்த உறைகட்டியின் துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போகும். அது தான் ஸ்ட்ரோக். அதாவது அடைப்பு எவ்வளவு பெரிசு என்பதோடு, மூடி எவ்வளவு பலவீனம் என்பதும் கேள்வி. போதாக்குறைக்கு, கொழுப்பு சேரச்சேர குழாய் வெளிப்பக்கமாக விரிந்துகொடுக்கும். அதனால் உள்ளே பெரிய படிவு இருந்தும் சதவீதம் சின்னதாகத் தெரியலாம்.

அப்புறம் ஏன் எல்லாரும் சதவீதத்தையே பேசுகிறார்கள்? அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 1991-இல் வெளிவந்த நாஸ்செட் என்ற வட அமெரிக்க ஆய்வில், 70 முதல் 99% வரை சுருங்கியவர்களுக்கு அறுவை சிகிச்சையில் படிவை எடுத்ததும், ரெண்டு வருஷத்தில் அந்தப் பக்கத்து ஸ்ட்ரோக் அபாயம் 26%-இலிருந்து 9% ஆகக் குறைந்தது. பெரிய வித்தியாசம். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் ஏற்கனவே அறிகுறி வந்தவர்கள். இதை பேக்கேஜ் விற்கிறவர்கள் சொல்வதில்லை. அறிகுறியே இல்லாத பொதுஜனத்துக்கு இந்த ஸ்கேனை எடுக்க வேண்டாம் என்று தான் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-லும் மறுபடி சொன்னது.

மூடியின் நிலைமையைப் படம் பிடிக்கவும் வழிகள் வந்திருக்கின்றன. எம்.ஆர்.ஐ.யில் படிவுக்குள் ரத்தக்கசிவு இருந்தால் வெள்ளையாகத் தெரியும், அப்படித் தெரிந்தவர்களுக்கு அபாயம் கூடுதல். 2014-இல் வெளிவந்த எடின்பரோ ஆய்வில், எலும்பு ஸ்கேனுக்குப் பயன்பட்டு வந்த கதிரியக்க ஃப்ளோரைடை ஊசியில் போட்டு பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு வந்த 40 பேரில் 37 பேருக்கு, மாரடைப்புக்குக் காரணமான படிவு தான் அதிகமாக ஒளிர்ந்தது. ஸ்ட்ரோக் அறிகுறிக்குப் பிறகு கழுத்தில் அறுவை செய்து எடுத்த படிவுகளிலும், கிழிந்திருந்த இடங்களில் ஃப்ளோரைடு சேர்ந்திருந்தது. பிரமாதமான வேலை. ஆனால் இதுவும் பாதிப்பு வந்த பிறகு பார்த்தது. கிழிந்த படிவெல்லாம் ஸ்ட்ரோக்கில் முடிவதும் இல்லை. சத்தமில்லாமல் கிழிந்து ஆறிப்போவதும் உண்டு. நாளைக்கு இதையும் ஒரு பேக்கேஜில் சேர்த்து விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

கழுத்து சுத்தமாக இருந்தால் கவலையே இல்லை என்பதும் சரியில்லை. பி.பி.யால் மூளையின் சின்னக் குழாய்கள் கெட்டும் ஸ்ட்ரோக் வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகியும் வரும், ரத்தக்கசிவாலும் வரும். மேல்நாட்டு வெள்ளைக்காரர்களை விட நம் ஆசியர்களுக்கு மண்டைக்குள் இருக்கும் குழாய்கள் சுருங்குவது அதிகம்.

நான் சொல்ல வந்ததே இனிமேல் தான். நம் பெற்றோரிடம் எந்த ஸ்கேனையும் விட முந்திக்கொண்டு சேதி சொல்லும் ஒன்று இருக்கிறது. அதை அவர்கள் நம்மிடம் மறைக்கிறார்கள். "காலைல கை கொஞ்சம் மரத்துப்போச்சு, தைலம் தேய்ச்சேன், சரியாப் போச்சு." "பேச்சு ஒரு நிமிஷம் குழறிச்சு, பித்தம்." "ஒத்தக் கண்ணுல திரை விழுந்த மாதிரி இருந்துச்சு, அஞ்சு நிமிஷம் தான்." இதைக்கூட நாலு நாள் கழித்து, வேறு ஏதோ பேசும்போது சொல்வார்கள். நீ அங்கே பதறுவாயே என்று தான். டாக்டர்கள் இதை டி.ஐ.ஏ. என்கிறார்கள். போன துணுக்கு கரைந்துவிட்டது, அவ்வளவு தான். அது கழுத்திலிருந்து கிளம்பியதென்றால், கிழிந்த இடம் அங்கேயே திறந்து கிடக்கிறது.

2000-இல் வெளிவந்த ஒரு கலிஃபோர்னிய ஆய்வில் இப்படி வந்து சரியான 1707 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 90 நாளுக்குள் 180 பேருக்கு ஸ்ட்ரோக். அதில் பாதி முதல் ரெண்டே நாளில். எங்கள் பேங்கில் ஒரு தவணை தேதி தாண்டியதுமே கணக்கு கண்காணிப்புப் பட்டியலுக்குப் போய்விடும், 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அடுத்த நாளே பணம் கட்டிவிட்டார் என்று அந்த ஆளைப் பார்க்கப் போகாமல் இருக்க மாட்டோம். சொந்த அப்பா விஷயத்தில் மட்டும் "சரியாயிடுச்சா, நல்லது" என்று போனை வைத்துவிடலாமா?

வேகத்துக்குப் பலன் உண்டு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் டி.ஐ.ஏ., சின்ன ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு மருந்து ஆரம்பிக்க நடுவாந்திரமாக 20 நாள் ஆகிக்கொண்டிருந்ததை ஒரு நாளாக்கினார்கள். 90 நாள் ஸ்ட்ரோக் அபாயம் 10.3%-இலிருந்து 2.1%-க்கு இறங்கியது. 2007-இல் வந்த முடிவு. பெரும்பாலும் ஏற்கனவே இருந்த சாதாரண மருந்துகள் தான், சீக்கிரம் கொடுத்தது தான் வித்தியாசம். கழுத்து ஸ்கேன் உண்மையில் உதவுவதும் இந்தக் கட்டத்தில் தான், அதுவும் அன்றைக்கே. ஆபரேஷன் தேவை என்றாலும் ரெண்டு வாரத்துக்குள் செய்தால் தான் முழுப்பலன். வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே அடைப்பா கசிவா என்று சி.டி. எடுக்காமல் தெரியாது.

அதனால் அந்த டாப்ளர் பணத்துக்கு ஒரு பி.பி. மெஷின் வாங்கி அனுப்புங்கள். போனில் "உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று தான் பதில் வரும். கை மரத்ததா, வாய் கோணிச்சா, பேச்சு குழறிச்சா, கண் மறைச்சுதா என்று பேர் சொல்லிக் கேளுங்கள். ராத்திரியிலும் சி.டி. எடுக்கும், நரம்பியல் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி எது, கூட்டிப்போக யார் என்பதை லீவில் ஊருக்குப் போகும்போதே விசாரித்து எழுதி வைத்துவிடுங்கள். அறிகுறி விலகாமல் நின்றால் உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம் தான். எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு காலண்டர் அட்டையில் ஒட்டியிருக்கிறது. ஆட்டோக்காரர் நம்பருக்குக் கீழே அம்மா பால் கணக்கும் எழுதி வைத்திருக்கிறார் :-)