ஒதுங்கியவர்களா, ஒதுக்கப்பட்டவர்களா?

பாரிஸ் மாநகரின் புறநகர்களில் கலகம் மூளும்போதெல்லாம் ஒரு பல்லவி உலகெங்கும் ஒலிக்கிறது. "அங்கே குடியேறிய முஸ்லிம்கள் பிரெஞ்சு மக்களோடு கலவாமல் ஒதுங்கி வாழ்கின்றனர், எல்லாக் கேட்டுக்கும் அதுவே மூலம்" என்பது அந்தப் பல்லவி. அயலார் பாடினால் வியப்பில்லை. நம்மவருள்ளும் சிலர் அதற்குத் தாளம் போடுவதுதான் வருத்தம். காரைக்காலிலிருந்தும் புதுவையிலிருந்தும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு சென்ற நம் உறவினர் பலர் வாழ்வதும் அதே புறநகர்களில் அன்றோ? நாந்தேர் என்னும் ஓர் ஊரின் வரலாறே இப்பல்லவியைப் பொய்யாக்கப் போதும்.

நாந்தேர், பாரிஸுக்கு மேற்கே சேன் ஆற்றங்கரையில் அமைந்த தொழில் நகரம். சிம்கா கார் ஆலையும் பெரிய காகித ஆலையும் இயங்கிய ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சுக்கு உழைக்கும் கைகள் வேண்டியிருந்தன. அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவிலிருந்து ஆயிரமாயிரம் பேர் வந்தனர். வேலை கிடைத்தது; வீடு கிடைக்கவில்லை. சேறு நிறைந்த வெற்று நிலங்களில் பலகையும் தகரமும் கொண்டு குடிசைகள் எழுந்தன. பிரெஞ்சு மொழியில் அவற்றுக்குப் 'பிதோன்வீல்' என்று பெயர். தகரப் பட்டணம் எனலாம். 1960களின் தொடக்கத்தில் நாந்தேரின் தகரப் பட்டணங்களில் ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்தனர். அவற்றுள் பெரியதாகிய லா ஃபோலியில் குடிநீருக்கு இருந்தது ஒரே குழாய்! பிள்ளை பிறந்ததென்று ஓர் அறையைக் கூட்டிக் கட்டினால், அதை இடித்துத் தள்ளவே தனிக் காவல் படை ஒன்று வந்தது. அருகிலேயே லா தெஃபான்ஸ் மாளிகைகள் வானளாவ எழுந்துகொண்டிருந்தன. ஊரைக் கட்டிய உழைப்பாளிகள் குடிசையைக் கட்டுவது குற்றமாயிற்று.

இம்மக்கள் பிறரோடு கலக்க மறுத்தனரா? மோனிக் எர்வோ என்னும் பிரெஞ்சுப் பெண்மணி 1959 முதல் 1971 வரை லா ஃபோலியிலேயே குடியிருந்தார். அவர்களுள் ஒருவராகவே வாழ்ந்து, கண்டதைக் குறித்து வைத்து நூலாக்கினார். வந்தவரை ஏற்றுக்கொண்ட மக்கள் அவர்கள்.

ஒதுக்கியவர் யார் என்பதை 1961 அக்டோபர் 5ஆம் நாள் வெளியான ஆணை சொல்லும். இரவு எட்டரை மணி முதல் காலை ஐந்தரை மணி வரை அல்ஜீரிய முஸ்லிம்கள் வெளியே நடமாடலாகாது என்றார் பாரிஸ் காவல்துறைத் தலைவர் மொரீஸ் பாப்போன். அதை எதிர்த்து அக்டோபர் 17 அன்று, அல்ஜீரிய விடுதலை இயக்கத்தின் அழைப்பை ஏற்று, நாந்தேர் குடிசைகளிலிருந்தும் குடும்பங்கள் நல்லாடை உடுத்தி, ஆயுதமின்றி, பாரிஸ் நோக்கி நடந்தன. நெய்யிப் பாலத்தில் துப்பாக்கிகள் முழங்கின. 11,000 பேருக்கு மேல் பிடிபட்டனர். பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். சேன் ஆற்றில் உடல்கள் மிதந்தன. அரசு முதலில் ஒப்புக்கொண்டது மூன்று சாவுகளை மட்டுமே! குருதி சிந்திய அந்த ஒடுக்குமுறையைக் குடியரசுத் தலைவர் ஒல்லாந்து ஏற்றுரைத்தது 2012இல்; நாடாளுமன்றக் கீழவை கண்டித்துத் தீர்மானம் இயற்றியது 2024இல்.

"அவர்களுடைய மார்க்கமே அவர்களைப் பிரிக்கிறது" என்பாருக்கு ஒரு வினா. அதே காலத்தில் பாரிஸின் கிழக்கே ஷாம்பிஞியில் இதனினும் பெரிய தகரப் பட்டணம் ஒன்று இருந்தது. அங்கே சேற்றில் உழன்றவர்கள் போர்ச்சுக்கல் நாட்டுக் கத்தோலிக்கர். அவர்களுடைய வறுமைக்கு மாதா கோயிலைக் காரணம் காட்டியவர் உண்டா? கிறிஸ்தவன் குடிசையில் வாழ்ந்தால் அது வீட்டுப் பஞ்சம். முஸ்லிம் வாழ்ந்தால் அது மதப் பிடிவாதமா?

தொழுகையின் கதையும் இதுவே. 1976இல் பியாங்கூர் ரெனோ ஆலையில் தொழுகைக்கு இடம் தரப்பட்டது. நிர்வாகத்துக்கு அதில் குறையொன்றும் தோன்றவில்லை. பின்னர் கார் ஆலைகளில் குடியேறிய தொழிலாளர் கூலிக்கும் கண்ணியத்துக்கும் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களை மதக் குழுக்கள் தூண்டிவிடுகின்றன என்றார் பிரதமர் பியேர் மொருவா. அது 1983 ஜனவரி. குனிந்து உழைக்கும்வரை தொழுகை பக்தி. நிமிர்ந்து கேட்டால் அதுவே சதி!

தகரப் பட்டணங்கள் 1970களின் தொடக்கத்தில் அகற்றப்பட்டன. ஆனால் பல குடும்பங்கள் சென்றது 'இடைக்காலக் குடியிருப்பு' என்னும் கொட்டடிகளுக்கு. அந்த இடைக்காலம் சிலருக்கு 1980கள் வரை நீண்டது. சிம்கா நிறுவனமோ 1961லேயே தன் நாந்தேர் ஆலையை விற்றுவிட்டு வெளியேறியது. காகித ஆலையும் 2011இல் மூடப்பட்டது. உழைக்க அழைத்த ஆலைகள் போயின. உழைத்தவரின் பிள்ளைகள் எஞ்சினர். 2023 ஜூன் 27 அன்று அதே நாந்தேரில், வண்டியை நிறுத்திய காவலர் ஒருவரின் குண்டுக்குப் பதினேழு வயதுச் சிறுவன் பலியானான். நாடெங்கும் தீ மூண்டது. தீ வைத்ததை எவரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் தீயை மட்டும் கண்டு, அறுபதாண்டுகளாகக் குவிந்த விறகைக் காணாதது நேர்மையாகுமா?

சுவரை எழுப்பியவர்களே, "ஏன் அப்பால் நிற்கிறாய்?" என்று கேட்கின்றனர். அக்கேள்வியை நாமும் சேர்ந்து கேட்பது அறியாமை. வரலாறு அறிந்த பின்னும் கேட்பது அநீதி.