ஏர்கன்னுக்கு ஸ்கோப் கேட்ட தம்பிக்கு



போன வாரம் என்னிடம் படித்த ஒரு தம்பி போன் செய்தான். "சார், ஏர்கன் வாங்கியிருக்கறனுங்க. தோட்டத்துல மயிலுத் தொல்லை தாங்க முடியல. தூக்கீட்டு நடக்கோணும், வெயிட்டில்லாத ஸ்கோப்பா ஒண்ணு சொல்லுங்க. நீங்கதானே லென்ஸ் பாடம் நடத்துனீங்க" என்றான். பெயரைச் சொல்ல மாட்டேன். பதில் எல்லோருக்கும்தான்.

முதலில் பாடம். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32 மி.மீ. லென்ஸ், 4 மடங்கு என்றால் 8 மி.மீ. இருட்டில்கூட நம் கண்பாவை சுமார் 7 மி.மீ.தான் விரியும். ஆகவே 4 மடங்குக்கு 50 மி.மீ. லென்ஸ் வீண் சுமை. ஸ்பிரிங் ஏர்கன் பின்னால் ஒருமுறை, முன்னால் ஒருமுறை என்று இரண்டு பக்கமும் உதைக்கும். அதற்கென்று செய்யாத ஸ்கோப் என்ன விலை கொடுத்தாலும் கெட்டுப்போகும். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.

இனி நான் கேட்கிறேன். எடை குறைந்த ஸ்கோப் யாருக்கு வேண்டும்? 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்பே கூடாது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது சின்னத் துளை வழியாகக் குறிபார்த்துத்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அப்படித்தான் சுடுகிறார். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கிறவனுக்குத்தான் எடை ஒரு கவலை. அவனுக்குப் பெயர் வேட்டைக்காரன்.

"ஏர்கன்னுக்கு லைசென்சே வேண்டாங்களே சார்" என்கிறாய். 2016 ஆயுத விதிகளின்படி .177 அளவுக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர்கன்னை வைத்திருக்க உரிமம் வேண்டாம், சரிதான். வைத்திருக்கலாம் என்பதற்கு மயிலைச் சுடலாம் என்றா அர்த்தம்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது மயில். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

சட்டத்தை விடு, கணக்கைப் பார். 20 ஜூல் என்பது ஒரு கிலோ கல்லை 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் ஆற்றல். 50 மீட்டர் போவதற்குள் அதில் ஏறத்தாழப் பாதி கரைந்துவிடும். ஸ்கோப் மயிலைப் பக்கத்தில் காட்டும். குண்டுக்கு வலு சேர்க்காது. அடிபட்ட மயில் பெரும்பாலும் உடனே சாகாது. எங்கள் சோளக்காட்டு வேலியோரம் ஒரு பெட்டை மயிலைப் பார்த்தேன். தொடையில் குண்டு, காயத்தில் புழு. கையில் எடுக்கும்போதும் கழுத்தை அசைத்தது. சுட்டவன் அதைப் பார்த்திருக்க மாட்டான்.

நட்டம் எனக்கும் தெரியும். நிலக்கடலை போட்டுப் பாதியை மயிலுக்குக் கொடுத்தவன் நான். சின்ன வயதில் கவுதாரிக் கறி தின்றவனும்தான். யோக்கியன் வேடம் போடவில்லை. ஆனால் காட்டுப்பன்றிக்கு என்ன நடந்தது, யோசி. விவசாயிகள் வருஷக்கணக்கில் சேர்ந்து கேட்டார்கள். 2025-இல் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்று அரசு இறங்கி வந்தது. அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். மயிலுக்கும் வழி அதுதான். மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வா, இழப்பீடு கேட்டு மனு எழுதுவோம். நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

ஸ்கோப்புக்கு வைத்திருக்கும் காசில் ஒரு பைனாகுலர் வாங்கு கண்ணு. 8 மடங்கு, 32 மி.மீ. வகுத்துப் பார், 4 வரும், பகலுக்குத் தாராளம். கழுத்தில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். திட்டினாலும் பிழையில்லாமல் திட்டுங்கள்.

உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்,
கோபி.