காலிருக்கு, சுவெட்டர் எங்கே?

உந்துவப் போயா நெருங்கினால் இரத்தினபுரிப் பக்கத்து றப்பர் தோட்டங்களில் வேன் பேசத் தொடங்கிவிடுவார்கள். அன்று தொடங்கும் சிவனொளிபாதமலைப் பருவம் வெசாக் வரை நீளும். தலைக்கு இவ்வளவு என்று காசு சேரும், ரொட்டிக்கு மா எவ்வளவு, சம்பலுக்குத் தேங்காய் எத்தனை என்று பேச்சு போகும். உடுப்பைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், "நமக்கென்னங்க, தெனமும் மலைக்குப் போறவங்கதானே" என்று கங்காணி சிரிப்பார்.

கால் விஷயத்தில் அவர் சொல்வது சரி. விடியுமுன் பால் வாளியோடு மரத்துக்கு மரம் சரிவில் ஏறி இறங்கும் காலோடு, கொழும்பிலிருந்து விலை கூடிய சப்பாத்தில் வரும் பையனால் போட்டி போட முடியாது. என் கவலை குளிர்தான். மஸ்கெலியாப் பக்கத்து லயங்களில் சுவெட்டரும் குல்லாவும் கொடியில் தொங்கும். நம் றப்பர் தோட்டங்களில் அதற்கு வேலையே இல்லை. மலையுச்சியோ 2,243 மீட்டர். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.65 பாகை வெப்பம் இறங்கும். இரத்தினபுரியில் இரவு 22 பாகை என்றால் உச்சியில் எட்டு, ஒன்பதுதான். அதற்கு மேல் காற்று.

இன்னொரு வீம்பும் நம்மிடம் உண்டு. நல்லதண்ணி வழி கிட்ட. பலாபத்தல வழியும் குருவிட்ட–எரத்ன வழியும் தூரம், ஈரம், அட்டைக்கடி. ஆனாலும் "அந்தப் பக்கமாப் போனா அது யாத்திரையா?" என்பார்கள். பழைய வீம்புதான். 1344இல் இந்த மலை ஏறிய இப்னு பதூதா இரண்டு பாதைகளைச் சொல்கிறார்: தந்தை வழி கடினம், தாய் வழி சுலபம். சுலபமான வழியில் ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே அன்று எண்ணவில்லையாம்.

நீண்ட வழியில் ஏறும்போது யாருக்கும் குளிராது. உடம்பு கொதிக்கும், பருத்திச் சட்டை வியர்வையில் ஊறிப்போகும். ஆபத்து அதற்குப் பிறகு. நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கே உச்சிக்குப் போய், சூரியன் வரும்வரை அந்த ஈரச் சட்டையோடு காற்றில் நிற்பார்கள். ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பல் கிட்டித்து, நாக்குக் குழறி, பெயரைக் கேட்டால் சொல்லத் தடுமாறும் ஆளை "பயந்துட்டான்" என்று கேலி செய்யாதீர்கள். அது குளிர் உள்ளே இறங்கியதன் அறிகுறி. ஈரத்தைக் களைந்து, போர்த்தி, இனிப்புத் தேத்தண்ணி கொடுத்து, காற்றில்லாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சாராயம் மட்டும் வேண்டாம். தோல் சூடானது போலிருக்கும், உள்சூடு வெளியே போய்விடும். புனித மலையில் போத்தல் எதற்கு என்பது வேறு கதை.

ஆகவே ஆளுக்கொரு காய்ந்த சட்டையும் சுவெட்டரும் பொலித்தீன் பையில் கட்டி எடுங்கள். வழியில் ஹெரமிட்டிபானவில் இளைப்பாறி, விடியலுக்குச் சற்று முன் உச்சியைத் தொடும்படி கிளம்புங்கள். அட்டைக்கு சித்தாலேப போதும், தாகத்துக்கு ஜீவனி, வாய்க்குக் கித்துள் கருப்பட்டி.

மேலே ஒட்சிசன் இல்லை என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் வருவது. 2016 மே 21இல் எவரெஸ்ட் தொட்ட முதல் இலங்கையரான ஜயந்தி குரு-உதும்பாலவுக்கு அந்தக் கவலை இருந்திருக்கும்; நமக்கு இல்லை. இங்கே ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால் உயரத்தின் மேல் பழி போடாமல் உட்கார வையுங்கள், உதவி தேடுங்கள். பிரஷர், சீனி வருத்தக்காரர்கள் குளிசையை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது.

வேன் பேசும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். காசு வாங்கும்போதே சொல்லி வையுங்கள், ஏற்றும்போது பையைத் திறந்து பாருங்கள். காய்ந்த சட்டை இல்லாத ஆளுக்கு, அவர் கங்காணியே ஆனாலும், சீட் கொடுக்காதீர்கள்.